தவிடும் இறால் ஓடும்

மருத்துவமனையில் உணவு ஆலோசனைக்கு வரும் தாய்மார்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இறால்ல செஞ்சதுதானே மிஸ், புள்ளைக்குச் சத்துதானே?" அவர்கள் கையில் இறால் படம் போட்ட நொறுக்குத்தீனிப் பை இருக்கும். சோற்றைத் தொடமாட்டேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். மலேசியாவில் கெரோப்போக் என்ற மீன், இறால் அப்பளம் பொரிக்காத வீடு குறைவு. இறால் குச்சிப் பை தொங்காத மளிகைக்கடையும் குறைவு. சம்பளம் வாங்கிய அன்று பிள்ளைக்கு அதில் ஒன்று வாங்கிக் கொடுப்பது பாசத்தின் அடையாளம்.

"இல்லம்மா" என்று ஒரே சொல்லில் நான் பதில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அப்படி முடிக்க எனக்கு மனம் வருவதில்லை. இதே கேள்வியை ஒரு காலத்தில் ஒரு மனிதர் மிகத் தீவிரமாகக் கேட்டு, அதற்கு விடையாக ஒரு தொழிற்சாலையையே எழுப்பினார். அவர் பெயர் மாட்சுவோ தகாஷி. ஊர் ஹிரோஷிமா. 1964இல் அவர் சந்தைக்குக் கொண்டுவந்த தின்பண்டத்தின் பெயர் கப்பா எபிசென். நம் கடைகளில் தொங்கும் இறால் குச்சிகளில் பலவற்றுக்கு அதுதான் முன்னோடி. ருசியை மட்டும் எண்ணி அவர் அதைச் செய்யவில்லை. சத்துக் குறைவால் ஒரு நாடு பட்ட பாடு அதற்குப் பின்னால் இருக்கிறது. அந்த வரலாற்றில் நம் புழுங்கலரிசிக்கும் மலாயாவுக்கு வந்த நம் தமிழ்ச் சனத்துக்கும் ஓர் இடம் உண்டு. அதனால்தான் இதைத் தமிழில் எழுத வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

வெள்ளைச் சோற்றின் விலை

ஜப்பானில் தீட்டிய வெள்ளை அரிசி நெடுங்காலம் வசதியின் அடையாளமாக இருந்தது. கிராமத்து ஏழை சிறுதானியமும் வாற்கோதுமையும் கலந்து உண்டான். நகரத்துக்கு வந்தவனுக்கும் படையில் சேர்ந்தவனுக்கும் வயிறு நிறைய வெள்ளைச் சோறு கிடைத்தது. அந்தச் சோற்றோடு பெரிபெரியும் வந்தது. கால் மரத்துப்போகும், வீங்கும், நடை தள்ளாடும். கடைசியில் இதயம் நின்றுவிடும்.

1882இல் புறப்பட்ட ரியூஜோ என்ற போர்ப்பயிற்சிக் கப்பலில் 376 பேர் இருந்தார்கள். நீண்ட பயணத்தில் அவர்களில் 169 பேருக்குப் பெரிபெரி கண்டது. 25 பேர் இறந்தார்கள். லண்டனில் படித்துத் திரும்பிய கடற்படை மருத்துவர் தகாகி கனெஹிரோ, கோளாறு உணவில்தான் என்று அடித்துச் சொன்னார். 1884இல் சுகுபா என்ற இன்னொரு கப்பலை அதே வழியில் அனுப்ப வைத்தார். இறைச்சியும் வாற்கோதுமையும் பயறும் சேர்த்து உணவுப் பட்டியலை மாற்றினார். இம்முறை பெரிபெரியால் ஓர் உயிரும் போகவில்லை. புரதக் குறைவுதான் காரணம் என்று அவர் நினைத்தது சரியில்லை என்றாலும், மாலுமிகள் பிழைத்தார்கள்.

தரைப்படை மருத்துவர்கள் இதை ஏற்கவில்லை. நோய்க்கு ஏதோ ஒரு கிருமிதான் காரணம் என்று வாதாடிக்கொண்டே வீரர்களுக்கு வெள்ளைச் சோற்றைப் போட்டார்கள். 1904–05 ரஷ்யப் போரில் பெரிபெரியால் மட்டும் 27,000க்கும் மேற்பட்ட ஜப்பானிய வீரர்கள் இறந்தார்கள். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, 1910இல், வேதியியலாளர் சுசுகி உமெதாரோ அரிசித் தவிட்டிலிருந்து நோயைத் தீர்க்கும் பொருளைப் பிரித்தெடுத்தார். பின்னாளில் உலகம் அதை வைட்டமின் பி1 என்று அறிந்தது. ஆலையில் மாட்டுத் தீவனம் என்று ஒதுக்கித் தள்ளிய தவிட்டில்தான் அத்தனை உயிர்களைக் காக்கும் மருந்து இருந்தது.

மலாயாவின் சாட்சியம்

ஏறக்குறைய அதே ஆண்டுகளில் இங்கே மலாயாவிலும் பெரிபெரி ஆட்களை வாரிக்கொண்டு போனது. ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்கள் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். ரயில் பாதையிலும் தோட்டங்களிலும் வேலை செய்த தமிழர்களிடம் அந்த நோய் அரிதாகவே காணப்பட்டது. காற்றும் தண்ணீரும் காய்ச்சலும் இருவருக்கும் ஒன்று. சோறு மட்டும் வேறு. சீனர்கள் சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசியை உண்டார்கள். தமிழர்களோ ஊரிலிருந்து கப்பலில் வந்த புழுங்கலரிசியை விடாப்பிடியாக உண்டார்கள்.

நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன் இதைக் கவனித்து, வெள்ளை அரிசியின் மீது சந்தேகத்தை எழுப்பினார். கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் மருத்துவர் ஃபிளெட்சர் அங்கிருந்தவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பச்சரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசிப் பிரிவில் 18 பேர் இறந்தார்கள். புழுங்கலரிசி உண்டவர்களில் பெரிபெரிக்கு ஒருவரும் பலியாகவில்லை. மனநலம் குன்றிய மனிதர்களை அவர்கள் சம்மதமின்றிச் சோதனைப் பொருளாக்கியதை இன்றைய மருத்துவ அறம் ஏற்காது. அந்தப் பதினெட்டு பேரின் பெயரும் நமக்குத் தெரியாது. அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

பின்னர் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசரும் ஸ்டான்டனும் காட்டுக்குள் சாலை போட வந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களிடம் இதையே சோதித்தார்கள். பச்சரிசிக்காரர்களுக்கு நோய் வந்தது. அவர்களைப் புழுங்கலரிசிக்கு மாற்றியதும் புதிதாக யாருக்கும் நோய் வரவில்லை. 1909இல் முடிவு வெளியானது.

நெல்லை ஊறவைத்து, அவித்து, காயப்போட்டு, பிறகு குத்துவது நம் வீட்டுப் பெண்கள் பல தலைமுறையாகச் செய்துவந்த வேலை. அவிக்கும்போது தவிட்டிலும் முளையிலும் இருக்கும் பி1 நீரோடு கரைந்து அரிசியின் உள்ளே இறங்குகிறது. அதற்குப் பிறகு எவ்வளவு தீட்டினாலும் ஒரு பகுதி உள்ளேயே தங்கிவிடும். தோட்டத்துப் பள்ளியில் படித்த காலத்தில், வெள்ளை வெளேரென்ற சயாம் பச்சரிசிச் சோற்றின் பக்கத்தில் எங்கள் பழுப்புச் சோற்றை வைக்கக் கூச்சப்பட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். கல்லூரியில் இந்த ஆய்வுகளைப் படித்தபோது, எங்கள் முன்னோரைக் காத்தது அந்தப் பழுப்புச் சோறுதான் என்று தெரிந்து எனக்கு உடம்பே சிலிர்த்தது.

ஒரே போரின் இரண்டு பசிகள்

1942இல் ஜப்பானியப் படை மலாயாவைப் பிடித்தது. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. என் பாட்டி அந்த ஆண்டுகளை 'மரவள்ளிக் காலம்' என்றே சொல்வார். காலையில் மரவள்ளி, மாலையில் மரவள்ளி, இடையில் அதன் இலை. பாட்டி தன் முழங்காலுக்குக் கீழே விரலால் அழுத்திக் காட்டுவார். "இப்புடி அமுக்குனா பள்ளம் விழும், எந்திரிக்கவே எந்திரிக்காது" என்பார். அவருடைய அண்ணனை ஆள்பிடித்துச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு போனார்கள். அங்கே மடிந்த பல்லாயிரம் தமிழர்களில் அவரும் ஒருவர். மலேரியாவும் வயிற்றுப்போக்கும் பெரிபெரியும் அந்தப் பாதை நெடுகத் துணையாகவே நடந்தன.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு ஜப்பானியரின் முயற்சியைப் பாராட்டி எழுதும்போது எங்கள் வீட்டுக் காயத்தை மறைத்துவைக்க எனக்கு விருப்பமில்லை. அதே போர் 1945 ஆகஸ்ட் 6 அன்று காலை அணுகுண்டாக ஹிரோஷிமாவின் மீது விழுந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 1,40,000 பேர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். செப்டம்பரில் பெரும் புயல் ஒன்று மிச்சமிருந்ததையும் அடித்துக்கொண்டு போனது. எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு அங்கே புல் பூண்டு முளைக்காது என்ற வதந்தி பரவியது. உயிரோடு இருந்தவர்கள் காட்டுக்கீரை பறித்துத் தின்றார்கள். ஆணையிட்டவர்கள் வேறெங்கோ இருக்க, இங்கே எங்கள் பாட்டிக்கும் அங்கே அந்த ஊர்ப் பிள்ளைக்கும் வயிறு ஒன்றுபோலவே காய்ந்தது.

மாட்சுவோ கண்ட வழி

1912இல் ஹிரோஷிமாவில் பிறந்த மாட்சுவோ தகாஷி, இளவயதிலேயே குடும்பத் தொழிலைத் தோளில் ஏற்றுக்கொண்டவர். அரிசி ஆலை ஒதுக்கும் தவிட்டிலிருந்து முளைப் பகுதியைப் பிரித்து மனிதர் உண்ணும் பண்டமாக்குவதில் அவருக்குத் தொடக்கத்திலிருந்தே ஈடுபாடு இருந்தது. போருக்குப் பிறகு அந்த ஈடுபாடு ஊருக்கே தேவையாகிவிட்டது. 1949இல் நிறுவனத்தை முறையாகப் பதிவு செய்தார்.

அன்றைய ஜப்பானியருக்கு இரண்டு சத்துகள் பெரும் குறையாக இருந்தன. ஒன்று, வெள்ளைச் சோறு உண்பவருக்குக் கிடைக்காத பி1. மற்றொன்று, பால் குடிக்கும் பழக்கமே இல்லாத நாட்டில் போதாமல் போன கால்சியம். இந்த இரண்டையும் கொடுக்க வேண்டும் என்ற எண்ணத்தை மாட்சுவோ நிறுவனத்தின் பெயராகவே வைத்துவிட்டார். 1955இல் அது 'கால்பி' ஆயிற்று: கால்சியத்தின் முதல் எழுத்துகளும் பி1இன் 'பி'யும் சேர்ந்த பெயர். இன்று உலகெங்கும் சிப்ஸ் பையில் அந்தப் பெயரைப் பார்க்கிறவர்களில், அது இரண்டு சத்துக் குறைபாடுகளின் நினைவு என்று அறிந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்!

பெயர் வைத்தால் போதுமா, பண்டம் வேண்டாமா? அரிசி அப்போது அரசுக் கட்டுப்பாட்டில் இருந்தது; தின்பண்டத்துக்குத் தாராளமாகக் கிடைக்காது. கிடைத்தது அமெரிக்கக் கோதுமை. போருக்குப் பின் வந்த உதவிச் சரக்கிலும், 1954இல் தொடங்கிய பி.எல். 480 திட்டத்திலும் கோதுமை கப்பல் கப்பலாக இறங்கியது. பள்ளி மதிய உணவில் ரொட்டியும் பால்பவுடர் கரைசலும் வந்தன. சமையல் அடுப்பு பொருத்திய பேருந்துகள் ஊர் ஊராகப் போய்க் கோதுமைச் சமையல் கற்றுக்கொடுத்தன. இந்தியாவிலும் அதே திட்டத்தின் கோதுமை ரேஷன் கடைக்கு வந்ததைத் தமிழ்நாட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அரிசியில் செய்யும் 'அராரே' என்ற மொறுமொறுப்பான பண்டத்தை மாட்சுவோ கோதுமை மாவில் செய்து பார்த்தார். 1955இல் அது கப்பா அராரே என்ற பெயரில் வெளிவந்தது. ஆற்றில் வாழ்வதாக ஜப்பானியக் கதைகள் சொல்லும் கப்பா என்ற குறும்புப் பிராணி அப்போது ஷிமிசு கோன் வரைந்த சித்திரத் தொடரால் வீடு வீடாகப் பிரபலமாகியிருந்தது. அந்தக் கப்பாதான் பையில் ஏறியது. அதன்பின் பல சுவைகளில் வகை வகையாகச் செய்துகொண்டே போனார்.

ஹிரோஷிமா, ஓட்டா ஆறு பல கிளைகளாகப் பிரிந்து செத்தோ உள்நாட்டுக் கடலில் விழும் கழிமுகத்து ஊர். சிறுவயதில் ஆற்றில் பிடித்து வந்த பொடி இறாலை மாட்சுவோவின் தாயார் மாவில் தோய்த்து எண்ணெயில் பொரித்துக் கொடுப்பாராம். அந்த ருசி அவர் நாக்கைவிட்டுப் போகவில்லை. செத்தோ கடற்கரையில் பொடி இறால்கள் பாயில் காய்ந்து கிடப்பதையும் அவர் பார்த்தார். பெரிய இறாலுக்குத்தான் சந்தையில் மதிப்பு. பொடி இறாலை உரித்துச் சதை எடுக்கவும் முடியாது, நல்ல விலைக்கு விற்கவும் முடியாது. கோதுமையும் இறாலும் ஒரே மாவில் சேர்ந்தால் என்ன? இறாலைத் தலையோடும் ஓட்டோடும் வாலோடும் அப்படியே அரைத்துவிட்டால் ஓட்டிலுள்ள கால்சியமும் கூடவே வந்துவிடுமே!

தவிட்டில் அவர் கண்ட அதே நியாயத்தை இறால் ஓட்டிலும் கண்டார். மனிதர் எதை வேண்டாமென்று ஒதுக்குகிறாரோ அதில்தான் அவருக்கு வேண்டியது தங்கிவிடுகிறது. என் வேலையில் நான் கற்றதிலெல்லாம் ஆழமான பாடம் இதுதான் என்று நினைக்கிறேன். அதை ஆய்வுக்கூடத்தில் இல்லாமல் ஆலை வாசலிலும் கடற்கரையிலும் கண்டுபிடித்த ஒருவர் மீது எனக்குப் பெரும் மதிப்பு இருக்கிறது.

பொரிக்காமல் பொரிந்தது

ஹிரோஷிமாவுக்கு ஒரு மருத்துவக் கருத்தரங்குக்காகப் போயிருந்தபோது, ஆற்றங்கரைக் கடையொன்றில் ஒரு பை கப்பா எபிசென் வாங்கினேன். ஒவ்வொரு குச்சியும் சுண்டுவிரல் நீளம் இருக்கும். மேலே வரிவரியாகக் கோடுகள். கையில் எடுத்தால் கனமே தெரியாது. பல்லில் வைத்ததும் நொறுங்கி, முதலில் உப்பு, அடுத்து மாவின் இனிப்பு, கடைசியாக அடிநாக்கில் காய்ந்த இறாலின் மணம். உடைத்து வெளிச்சத்தில் பார்த்தால் மாவுக்குள் செம்பழுப்புப் புள்ளிகள் தெரிந்தன. அரைபட்ட ஓட்டின் துணுக்குகள்.

எங்கள் கெரோப்போக் எண்ணெயில் மூழ்கிப் பொரிவது. மீன் அல்லது இறாலை அரைத்து, சவ்வரிசி மாவிலோ மரவள்ளி மாவிலோ பிசைந்து, உருட்டி, அவித்து, சீவி, வெயிலில் காயவைப்பார்கள். அவிக்கும்போது மாவு கூழாகி இறுகும். காய்ந்த வில்லைக்குள் கொஞ்சம் ஈரம் மிச்சமிருக்கும். கொதிக்கும் எண்ணெயில் போட்டதும் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறத் துடிக்க, மாவு உப்பிப் பூவாய் விரிகிறது. ஆவி வெளியேறிய துளைகளில் எண்ணெய் புகுந்துகொள்கிறது.

கப்பா எபிசெனிலும் முக்கால்வாசி வேலை இதேதான். மாவும் இறாலும் சேர்த்து அவித்து, தகடாகத் தேய்த்து, காயவைத்து, துண்டுபோட்டு, ஈரம் எல்லா இடத்திலும் சீராகப் பரவும்வரை ஆறவிடுகிறார்கள். கடைசிப் படியில்தான் மாற்றம். எண்ணெயில் போடாமல் சூட்டில் வறுத்தே உப்பவைக்கிறார்கள். பிறகு மேலே எண்ணெயைத் தெளித்து உப்பைத் தூவுகிறார்கள். தாயார் எண்ணெயில் பொரித்ததை மகன் வறுத்துச் செய்தார். இதனால் எண்ணெய் முழுப் பொரியலைவிடக் குறையும். ஆனாலும் இல்லாமல் போய்விடாது.

1964 இந்தப் பண்டத்துக்கு நல்ல ஆண்டு. டோக்கியோவில் ஒலிம்பிக்ஸ் நடந்தது. அதிவேக ரயில் ஓடத் தொடங்கியது. ஜப்பானியர் கையில் சில்லறைக் காசு புழங்கியது. சில ஆண்டுகளில் வந்த ஒரு தொலைக்காட்சி விளம்பரப் பாட்டு, தின்னத் தொடங்கினால் நிறுத்தவே முடியாது என்று பெருமையாகச் சொன்னது. 1971இல் கொரியாவில் 'சேவூக்காங்' வந்தது. அங்கிருந்தும் இங்கிருந்தும் இறால் குச்சி ஆசியா முழுக்கப் பரவி எங்கள் மளிகைக்கடை வரை வந்து சேர்ந்தது.

சத்தின் கணக்கு

கருத்தரங்கில் பழகிய ஜப்பானிய உணவு ஆலோசகர் ஒருவர் பையின் பின்புறத்தை எனக்கு வாசித்துக் காட்டினார். எடையில் அதிகமானது முதலில் வர வேண்டும் என்பது சேர்மானப் பட்டியலின் விதி. முதலில் கோதுமை மாவு, அடுத்து தாவர எண்ணெய், அதன்பின் மாப்பொருள், நான்காவதாகத்தான் இறால். அப்படியென்றால் அந்தப் பையில் இறாலைவிட எண்ணெய் அதிகம். பின்னால் சர்க்கரை, உப்பு, சுவையூட்டி. பி1 அந்தப் பட்டியலில் இல்லை.

100 கிராம் தின்றால் ஏறத்தாழ 500 கலோரி. எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் கொழுப்பு. புரதம் உண்டு, ஆனால் பெரும்பகுதி கோதுமையினுடையது. இறால் ஓட்டின் கால்சியமும் உண்டு, அது பொய்யில்லை. மாட்சுவோவின் வாக்கு இன்றும் அந்தச் செம்பழுப்புப் புள்ளிகளில் கொஞ்சம் உயிரோடு இருக்கிறது. ஆனால் அந்தக் கால்சியத்துக்காகப் பையைக் காலி செய்தால் கூடவே உப்பும் எண்ணெயும் உள்ளே போகும். பெரியவருக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்; பிள்ளைக்கு அதைவிடக் குறைவு. இறால் வாசனைப் பொடி மட்டும் தூவிய மலிவுப் பைகளில் அந்தக் கொஞ்சக் கால்சியமும் இருக்காது.

அப்படியென்றால் மாட்சுவோ ஏமாற்றினாரா? இல்லவே இல்லை. கலோரியே கிடைக்காத ஊரில் கலோரி ஒரு வரம். எண்ணெயைக் கண்ணால் காணாதவனுக்கு எண்ணெய் மருந்து. ஓட்டோடு அரைத்த இறால், பால் குடிக்காத பிள்ளைக்குக் கிடைத்த பால். பண்டத்தின் சத்து பையில் மட்டும் எழுதியிருப்பதில்லை. அதைத் தின்கிறவரின் தட்டில் ஏற்கெனவே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதைப் பொறுத்தது. 1950களின் ஹிரோஷிமாத் தட்டுக்கு அளவெடுத்த சட்டையை இன்றைய பிள்ளைக்கு மாட்டிவிட்டுப் பொருந்தவில்லை என்று தையற்காரரைக் குறைசொல்ல முடியாது.

வரலாறு இதில் இன்னொரு பாடத்தையும் வைத்திருக்கிறது. 1970களின் நடுவில், வயிறார உண்ணும் பணக்கார ஜப்பானில், பெரிபெரி மறுபடி தலைகாட்டியது. இம்முறை நோய் கண்டவர்களில் பலர் பதின்வயது இளைஞர்கள். உடனடி நூடுல்ஸ், இனிப்புப் பானம், வெள்ளைச் சோறு என்று மாவையும் சர்க்கரையையும் மட்டும் தின்று வந்தவர்கள். மாவுச்சத்தை உடலில் எரிக்கப் பி1 வேண்டும். மாவைக் கூட்டிக்கொண்டே போய் பி1ஐக் கொடுக்காவிட்டால் இருப்பும் தீர்ந்துபோகும். தகாகியும் சுசுகியும் வென்ற நோய், அலமாரி நிறையத் தின்பண்டம் இருந்த வீட்டுக்குள் திரும்பி வந்தது. பசித்த வயிற்றுக்கும் நிறைந்த வயிற்றுக்கும் ஒரே குறை வரலாம் என்று நான் தாய்மார்களிடம் சொல்லும்போது, இந்த ஜப்பானிய இளைஞர்களைத்தான் உதாரணம் காட்டுகிறேன்.

இன்று எதை ஒதுக்குகிறோம்?

ஆகவே என்னிடம் வரும் தாயிடம் பையைத் தூக்கி எறியச் சொல்வதில்லை. வாரம் ஒரு நாள், ஒரு சின்னக் கிண்ணம், சாப்பாட்டுக்குப் பிறகு. அதற்கு மேல் வேண்டாம் என்கிறேன். "இறால்ல சத்து இருக்குன்னு நீங்க சொன்னது சரிதாம்மா, அத நேராவே குடுங்க" என்றும் சொல்கிறேன். நம் கடற்கரைப் பெண்கள் கூனி இறாலை வறுத்து இடித்துக் கூனிப்பொடி செய்வார்கள். இங்கே மலாக்காவில் அதே வகைப் பொடி இறாலைக் கெராகாவ் என்கிறார்கள், பெலாச்சான் என்ற இறால் விழுதுக்கு அரைக்கிறார்கள். காய்ந்த கூனி இறாலில் 100 கிராமுக்கு 4,000 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருப்பதாக இந்திய உணவுச் சத்து அட்டவணை சொல்கிறது. பசும்பாலில் அது 120. ஒரு தேக்கரண்டிப் பொடியைச் சோற்றில் பிசைந்து கொடுத்தால் ஒரு கோப்பைப் பாலின் பாதிக் கால்சியம் வந்துவிடும். உப்புப் போடாமல் காயவைத்ததாகப் பார்த்து வாங்க வேண்டும். இறால் ஒவ்வாத பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது. நெத்திலியைத் தலை கிள்ளினாலும் முள்ளோடு பொரித்தால் போதும், கால்சியம் அந்த முள்ளில்தான் இருக்கிறது.

கூனிப்பொடி ஏழை வீட்டுச் சாமான் என்று பல வீடுகளில் ஒதுக்கிவிட்டார்கள். புழுங்கலரிசி மணம் பிடிக்கவில்லை என்று வாசனை அரிசிக்கு மாறிவிட்டார்கள். முருங்கைக்கீரை வாசலில் உதிர்ந்து குப்பைக்குப் போகிறது. காலில் பள்ளம் விழுந்த ஒரு தலைமுறையின் பேரப்பிள்ளைகள் நாம். நமக்குச் சோற்றுக்குப் பஞ்சமில்லை. நாம் ஆய்ந்து எறிவதில்தான் பஞ்சம் ஒளிந்திருக்கிறது.

இறால் குச்சிப் பையில் சத்து இருக்கிறதா என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். மாட்சுவோவின் பண்டத்தை அப்படியே தின்பதைவிட, அவர் கேட்ட கேள்வியை நம் வீட்டில் கேட்பது மேல். இந்த ஊர்ப் பிள்ளைக்கு என்ன குறை? அந்தக் குறையைத் தீர்க்கும் எதை நாம் ஆலையிலும் அங்காடியிலும் அடுப்படியிலும் ஒதுக்கிக்கொண்டிருக்கிறோம்? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்த தாய்க்கு என் ஆலோசனை அறைக்கு வரவேண்டிய தேவையே இருக்காது.